சலவைக் கூடை சுமந்த சிறுமி கட்டிய வங்கி

1903ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில், ரிச்மண்ட் நகரில், ஒரு சிறிய வங்கி கதவைத் திறந்தது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 280 பேர் கணக்குத் தொடங்கினார்கள். சேர்ந்த வைப்புப் பணம் 8,000 டொலருக்கு மேல். அன்று வந்தவர்களில் ஒருவர் கொண்டுவந்து வைத்தது 31 சதம். அந்த 31 சதத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் எழுதிக் கொடுக்கப்பட்டது.

வங்கியின் பெயர் புனித லூக்கா பெனி சேமிப்பு வங்கி. பெனி என்றால் ஒரு சதக் காசு. சதக் காசை வாங்குவதற்கென்றே ஒரு வங்கியா என்று அன்றைக்குச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அதன் தலைவர் ஒரு கறுப்பினப் பெண். பெயர் மெகி லீனா வோக்கர். அமெரிக்காவில் வங்கி ஒன்றுக்கு அனுமதிப் பத்திரம் பெற்று அதன் தலைவராக இருந்த முதலாவது கறுப்பினப் பெண் அவர்தான். அவருடைய தாய் ஒரு காலத்தில் அடிமை. பிறகு ஊரார் உடுப்புத் தோய்த்துப் பிள்ளைகளை வளர்த்த விதவை.

மெகி பிறந்தது 1864 யூலை 15. பழைய நூல்கள் 1867 என்று சொல்லும். ஆனால் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் 1864 என்றே கொள்கிறார்கள். அப்படியானால் அவர் பிறந்தபோது அமெரிக்க உள்நாட்டு யுத்தம் உச்சத்தில் இருந்தது. ரிச்மண்ட் தென் மாநிலங்களின் தலைநகரம். 1865 ஏப்ரல் தொடக்கத்தில் தென்படை நகரைக் கைவிட்டு ஓடும்போது புகையிலைக் களஞ்சியங்களுக்கு வைத்த தீ, நகரின் வியாபாரப் பகுதியைச் சாம்பலாக்கியது. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தையோடு அந்தத் தாய் அந்த நாட்களைக் கடந்திருக்கிறார்.

தாய் எலிசபெத் டிரேப்பர், எலிசபெத் வான் லூ என்ற வெள்ளைக்காரச் சீமாட்டியின் பெரிய வீட்டில் சமையலுக்கு உதவியாக இருந்தார். இந்தச் சீமாட்டி சாதாரண ஆள் இல்லை. தென் தலைநகரில் இருந்துகொண்டே வட படைக்கு உளவுத் தகவல் அனுப்பியவர். அயர்லாந்தில் பிறந்த எக்கிள்ஸ் கத்பேர்ட் என்ற பத்திரிகையாளர்தான் மெகியின் தந்தை. வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்வதைச் சட்டம் தடுத்திருந்தது. அவர்கள் சேர்ந்து வாழவில்லை. பிறகு அதே வீட்டில் வேலை பார்த்த வில்லியம் மிச்செல் என்பவரை எலிசபெத் மணந்தார். மிச்செல் ஒரு ஹோட்டலில் தலைமைப் பரிசாரகரானார். நகரின் ஒரு சிறிய சந்தில் தனி வீடு, ஒரு தம்பி, ஒழுங்கான சம்பளம் என்று வாழ்க்கை நிமிரத் தொடங்கியது.

1876 பெப்ரவரியில் மிச்செல் காணாமல் போனார். சில நாட்களில் அவருடைய உடல் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. தற்கொலை என்று அதிகாரிகள் எழுதி முடித்தார்கள். கொள்ளையடித்துக் கொன்றுவிட்டார்கள் என்பதே குடும்பத்தின் நம்பிக்கை. அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. காணாமல் போனவரைத் தேடி அலைந்த வீடுகளுக்கும், அதிகாரிகள் எழுதிக் கொடுத்த காரணத்தை நம்ப முடியாமல் வாழும் வீடுகளுக்கும் இந்த இடத்தில் நான் எதுவும் விளக்கத் தேவையில்லை.

இரண்டு பிள்ளைகளோடு விதவையான எலிசபெத்துக்குத் தெரிந்த ஒரே வழி சலவை. வெள்ளையர் வீடுகளிலிருந்து அழுக்குத் துணி எடுத்து வருவது, தண்ணீர் சுமப்பது, கொதிக்க வைப்பது, பலகையில் தேய்ப்பது, கஞ்சி போடுவது, அடுப்பில் காய்ச்சிய இரும்பால் அழுத்துவது, மடித்துத் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு கிழமை ஓடும். அடுத்த கிழமை அதே வேலை திரும்பவும் தொடங்கும். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை மெகியுடையது. தம்பியைப் பார்த்துக்கொண்டு, பாடசாலைக்கும் போய், கூடையைச் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளை நகரமெங்கும் நடந்தது. பின்வாசலால் போய்த் துணியைக் கொடுத்து, கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு திரும்பும். உழைக்கிற பெண்ணின் கையில் காசு எப்படி வருகிறது, வந்த வேகத்தில் எப்படிப் போகிறது என்ற பாடத்தை மெகி படித்தது அந்த நடையில்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் ரிச்மண்டில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்கும் வேலைகள் மிகச் சில. வீட்டு வேலை, சமையல், சலவை, அல்லது புகையிலை ஆலை. ஆலையில் காய்ந்த இலையிலிருந்து காம்பை உரித்தெடுக்கும் வேலை. புகையிலைத் தூசி நெஞ்சில் இறங்கினால் என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்தில் புகையிலை உலர்த்திய குடும்பங்கள் அறியும். கடையில் விற்பனைப் பெண்ணாகவோ கந்தோரில் எழுதுவினைஞராகவோ ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்க்க முடியாது. படித்தவர்களுக்கு இருந்த ஒரு கதவு ஆசிரியத் தொழில். அதுவும் கல்யாணம் ஆகும்வரைதான்.

மெகி படித்தார். 1883இல் ஆசிரியப் பயிற்சி வகுப்பை முடித்தபோது, வெள்ளை மாணவர்களின் பட்டமளிப்பு நகர அரங்கில் நடக்க, கறுப்பின மாணவர்கள் மட்டும் தேவாலயத்தில் நடத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். எங்கள் பெற்றோரும் அதே வரியைத்தானே கட்டுகிறார்கள் என்று அந்த வகுப்பு மறுத்து நின்றது. கடைசியில் அரங்கும் இல்லை, தேவாலயமும் இல்லை. பாடசாலை மண்டபத்திலேயே விழா நடந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து நின்றால் எதிர்ப்பக்கம் ஓர் அடியாவது பின்வாங்கும் என்பதை அந்த வயதிலேயே பார்த்துவிட்டார்.

மூன்று ஆண்டு படிப்பித்தார். பக்கத்தில் கணக்கு வைக்கவும் பழகினார். 1886 செப்டெம்பரில் கட்டட ஒப்பந்தக்காரரான ஆம்ஸ்டெட் வோக்கரை மணந்தார். வழக்கப்படி வேலை போயிற்று. இரண்டு ஆண் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இடையில் பிறந்த ஒன்று குழந்தையிலேயே இறந்தது. கணவருக்கு நல்ல வருமானம். வீட்டோடு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர் சிறு பிராயத்திலேயே ஒரு சங்கத்தில் சேர்ந்திருந்தார். அதுதான் புனித லூக்கா சுயாதீனச் சங்கம். யுத்தத்துக்குப் பின் பால்ரிமோரில் மேரி பிரவுட் என்ற கறுப்பினப் பெண்மணி தொடங்கிய அமைப்பு. எங்கள் ஊர்களில் இருக்கும் மரண சகாய நிதிச் சங்கத்தை நினைத்துக்கொண்டால் போதும். கிழமைக்கோ மாதத்துக்கோ ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். நோயில் விழுந்தால் கொஞ்சப் பணம் வரும். இறந்தால் கௌரவமாக அடக்கம் செய்யச் செலவு வரும். காப்புறுதிக் கம்பனிகள் கறுப்பினத்தவரைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், கூலிப் பெண்ணுக்கு இருந்த ஒரே காப்பு இப்படிப்பட்ட சங்கங்கள்தான். மெகி நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, சந்தா எழுதுவது என்று தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறினார். 1895இல் சிறுவர் பிரிவைத் தொடக்கி வைத்தார்.

1899இல் சங்கம் சாகும் நிலைக்கு வந்தது. முப்பது ஆண்டு தலைமைச் செயலாளராக இருந்த வில்லியம் பொரெஸ்டர் இனி இதைத் தூக்கி நிறுத்த முடியாது என்று விலகிக்கொண்டார். கையிருப்பு 31 டொலர் 61 சதம். கொடுக்க வேண்டிய கடன் 400 டொலர். உறுப்பினர்கள் 1,080 பேர். அந்தப் பதவியை மெகி ஏற்றார். மாதச் சம்பளம் சுமார் 8 டொலர். முன்னவருக்குக் கொடுத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மூழ்கும் கப்பலைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுச் சம்பளத்தையும் வெட்டும் பழக்கம் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது.

வழக்கமான செயலாளர் என்றால் சந்தா நிலுவையைத் துரத்தியிருப்பார். மெகி வேறொரு கேள்வி கேட்டார். இந்தப் பெண்கள் கட்டுகிற காசு எங்கே போகிறது? அது வெள்ளையர் வங்கியில் வைப்பாகிறது. அந்த வங்கி அதை வெள்ளைக்கார வியாபாரிக்குக் கடனாகக் கொடுக்கிறது. அந்த வியாபாரியின் கடையில் இந்தப் பெண்கள் மாவும் துணியும் வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கடையில் அவர்களுடைய மகளுக்கு வேலை கிடையாது. அந்த வங்கியில் அவர்களுக்குக் கடன் கிடையாது. நாள் முழுக்கத் தோய்த்துச் சம்பாதித்த காசு ஒரு சுற்றுச் சுற்றி, தோய்க்கக் கொடுத்தவன் வீட்டுக்கே திரும்பிவிடுகிறது.

1901இல் சங்கத்தின் மாநாட்டில் அவர் தன் திட்டத்தை வைத்தார். ஒரு பத்திரிகை, ஒரு வங்கி, ஒரு கடை. எல்லாம் சங்கத்தினுடையவை. நடத்துகிறவர்களில் பெண்கள் முன்னிற்க வேண்டும். அடுத்த ஆண்டு பத்திரிகை வெளிவந்தது. சங்கச் செய்திகளோடு, கறுப்பினத்தவரை அடித்துக் கொல்லும் கும்பல்களைக் கண்டித்தும், பிரித்துவைக்கும் சட்டங்களை எதிர்த்தும் அது எழுதியது.

வங்கி அவ்வளவு எளிதல்ல. பணம் ஒரு பக்கம் இருக்க, நம்பிக்கைதான் பெரிய தடை. 1865இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக அமெரிக்கக் காங்கிரஸின் அனுமதியோடு ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டிருந்தது. விடுதலையான மக்கள் தங்கள் முதற் கூலியை அதில் வைத்தார்கள். மேலே இருந்தவர்களின் முறைகேடுகளாலும் பொருளாதார நெருக்கடியாலும் 1874இல் அது சரிந்தது. 61,000க்கு மேற்பட்ட வைப்பாளர்கள். ஏறத்தாழ 30 இலட்சம் டொலர். பலருக்கு ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. பலருக்கு ஒன்றுமே இல்லை. அரசாங்கத்தின் வங்கி என்று நம்பியிருந்தவர்களுக்கு, அரசாங்கம் அதற்குப் பொறுப்பில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடகு வைத்த தாலியும் சேமித்த காசும் ஒரு யுத்தத்தோடு இல்லாமற் போனதைக் கண்டவர்கள், அந்தப் பெண்கள் ஏன் தலையணைக்குள் காசை வைத்துத் தைத்தார்கள் என்று கேட்க மாட்டார்கள்.

ஆகவே மெகி முதலில் வங்கித் தொழிலைப் படிக்கப் போனார். ரிச்மண்டில் இருந்த ஒரு வெள்ளையர் வங்கியில், சில மாதங்கள், நாளொன்றுக்குச் சில மணி நேரம் உட்கார்ந்து பேரேடு எப்படி எழுதுகிறார்கள், கடன் எப்படித் தீர்மானிக்கிறார்கள், கையிருப்பு எவ்வளவு வைக்கிறார்கள் என்று கற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. மேடையில் திட்டம் சொல்லிக் கைதட்டு வாங்கிய பிறகு மாணவியாக இன்னொருவர் மேசையருகே போய் உட்கார எத்தனை பேரால் முடியும்?

இயக்குநர் சபையில் பெண்களும் இருந்தார்கள். அந்த நாளில் அமெரிக்க வங்கிகளில் இது கேள்விப்படாத விடயம். காசாளராக அனுபவமுள்ள ஓர் ஆணை வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு அட்டையால் செய்த சிறு உண்டியல் கொடுக்கப்பட்டது. நூறு சதக் காசு சேர்ந்ததும் அதைக் கொண்டுவந்து ஒரு டொலரில் கணக்குத் திறக்கலாம். சிரிப்புக்குரிய தொகைதான். ஆனால் பிள்ளை உண்டியலோடு வங்கிக்குள் நுழையும்போது தாயும் கூட வருவார். வாழ்க்கையில் ஒரு தடவையும் வங்கிக்குள் கால் வைத்திராத தாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் நிறத்திலேயே ஒரு பெண் உட்கார்ந்து பேனாவால் கணக்கு எழுதுவதை அவர் காண்பார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யுத்தத்துக்குப் பின் பெண்களைத் தேடி வந்தது கடன். கூட்டாகக் கையொப்பம் வைத்து, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று வசூலித்த நுண்கடன். மெகியின் ஒழுங்கு அதற்கு நேர்மாறு. முதலில் சேமிப்பு, சேமிப்பு இருக்கும் நிறுவனம் தங்களுடையது, கடன் அதற்குப் பின்னால், பெரும்பாலும் வீடு வாங்குவதற்கு. வட்டியும் வெளியே போகாமல் அதே மக்களின் வங்கிக்கே திரும்பும். 1920 அளவில் இந்த வங்கியின் உதவியோடு கடன் முழுவதும் கட்டி முடிக்கப்பட்ட கறுப்பினத்தவர் வீடுகள் 645. வாடகை வீட்டில் துணி தோய்க்கிற பெண்ணுக்கும் சொந்த வீட்டு முற்றத்தில் துணி தோய்க்கிற பெண்ணுக்கும் தொழில் ஒன்றுதான். ஆனால் இரண்டாமவளை யாரும் மாத முடிவில் வெளியே போ என்று சொல்ல முடியாது.

வேலைவாய்ப்பும் சங்கத்துக்குள்ளேயே உருவானது. தலைமையகத்தில் எழுதுவினைஞர், தட்டெழுத்தாளர், கணக்கெழுதுபவர் என்று இளம் கறுப்பினப் பெண்கள் நிறைந்தார்கள். 1920களில் சுமார் 50 பேர். நகரில் வேறெந்தக் கந்தோரும் அவர்களுக்கு அந்தக் கதிரையைக் கொடுத்திருக்காது. சங்கச் சீருடைகளைத் தைக்கும் பகுதி இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் புதிய கிளைகள் அமைக்கும் பெண்கள் இருந்தார்கள். 1,080 ஆக இருந்த உறுப்பினர் தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டி, பல மாநிலங்களுக்குப் பரவியது.

கடை மட்டும் தோற்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்படிப்பட்ட வாழ்க்கைக் கதைகளில் தோல்வியை ஒளிப்பது வழக்கமாகிவிட்டது. 1905இல் ரிச்மண்டின் பிரதான வியாபார வீதியான புறோட் வீதியில், வெள்ளையர் கடைகளுக்கு நடுவே, புனித லூக்கா எம்போரியம் திறந்தது. விற்பனையாளர்கள் கறுப்பினப் பெண்கள். உடுப்புப் போட்டு நிறுத்திய பொம்மைகள்கூடக் கறுப்பு நிறம். வாங்குகிறவர் முன்வாசலால் வந்து, மரியாதையாகத் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். வெள்ளைக்கார வியாபாரிகள் முதலில் கட்டடத்தைக் கூடிய விலைக்குக் கேட்டுப் பார்த்தார்கள். கொடுக்கவில்லை. பிறகு சங்கம் அமைத்து, மொத்த வியாபாரிகளை மிரட்டி, எம்போரியத்துக்குச் சரக்குப் போகாமல் தடுக்கப் பார்த்தார்கள்.

அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். மெகியை அதிகம் வருத்தியது இன்னொன்று. சொந்த மக்களே போதிய அளவு வரவில்லை. பக்கத்து வெள்ளையர் கடையில் சில சதம் மலிவு என்றால் அங்கே போனார்கள். தங்களை மதிக்காத கடையில் வாங்குவதையே சிலர் அந்தஸ்தாக நினைத்தார்கள். மேடை மேடையாக ஏறி அவர் இதைக் கடிந்துகொண்டார். பயனில்லை. ஆறேழு ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. சேமிக்கக் கூப்பிட்டபோது வந்த மக்கள், வாங்கக் கூப்பிட்டபோது வரவில்லை. என் எண்ணத்தில் மக்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாளுக்குச் சில சதம் மிச்சம் பிடிக்கிற பெண்ணிடம், கொள்கைக்காக இரண்டு சதம் கூடக் கொடு என்று கேட்பது பெரிய கோரிக்கை. சேமிப்பில் அவளுக்கு இலாபம் கண்ணுக்குத் தெரிந்தது. கடையில் தெரியவில்லை.

அதே ஆண்டுகளில் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்தன. 1902இல் வேர்ஜினியாவின் புதிய அரசியலமைப்பு, வரியும் பரீட்சையும் வைத்துக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்தது. 1904இல் நகரின் ட்ராம் வண்டிக் கம்பனி நிறம் பார்த்து இருக்கை ஒதுக்கத் தொடங்கியது. பத்திரிகையாசிரியர் ஜோன் மிச்செலோடு சேர்ந்து மெகியும் புறக்கணிப்புக்கு அழைத்தார். ஆலைப் பெண்களும் வீட்டு வேலைப் பெண்களும் ட்ராம் வண்டியை விட்டு நடந்தார்கள். அதே ஆண்டில் அந்தக் கம்பனி கடனில் மூழ்கியது. ஆனால் 1906இல் மாநிலச் சட்டமே பிரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டது.

வங்கிக்கு வந்த பெரிய சோதனை 1910இல். ரிச்மண்டிலேயே இருந்த இன்னொரு கறுப்பினச் சங்கத்தின் வங்கி, நாட்டின் மிகப் பழைய கறுப்பின வங்கிகளில் ஒன்று, சரிந்து விழுந்தது. மாநிலம் கண்காணிப்பை இறுக்கியது. சங்கமும் வங்கியும் சட்டப்படி பிரிந்து நிற்க வேண்டும் என்றது. மெகி முரண்டு பிடிக்கவில்லை. வங்கியைத் தனி நிறுவனமாக்கி, கணக்கைப் பரிசோதனைக்குத் திறந்து வைத்தார். வெளிக் கண்காணிப்பை அவமானமாக எடுத்துக்கொள்ளாதது அவருடைய பெரிய புத்தி. எங்கள் சங்கங்களில் கணக்குக் கேட்டால் தலைவருக்கு வருகிற கோபத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

அவருடைய சொந்த வீட்டைத்தான் அவரால் காக்க முடியவில்லை. 1904 அளவில் குடும்பம் ஜக்சன் வார்ட் பகுதியில் லீ வீதியில் ஒரு வீட்டில் குடியேறியிருந்தது. மகன்மார், மருமக்கள், வளர்ப்பு மகள், தாய் எலிசபெத் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ். 1915 யூன் 20ஆம் திகதி மாலை. அந்தப் பகுதியில் கள்ளர் நடமாட்டம் என்று பேச்சிருந்தது. வீட்டுப் பின்பக்கத்தில் நிழலாடிய உருவத்தைக் கள்ளன் என்று எண்ணி மூத்த மகன் ரசல் சுட்டார். விழுந்தது தந்தை ஆம்ஸ்டெட்.

ரசல் மீது கொலை வழக்கு. தாய் ஒரு பக்கம் கணவரை அடக்கம் செய்துவிட்டு மறுபக்கம் மகனுக்காக நீதிமன்றம் ஏறினார். நவம்பரில் மகன் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். இடையில் சங்கத்துக்குள் இருந்த எதிரிகள், இவ்வளவு பெரிய அவப்பெயரோடு ஒருவர் தலைமையில் இருக்கக் கூடாது என்று அவரை விலக்க முயன்றார்கள். மெகி தன் பக்கத்தைத் தானே எடுத்துச் சொல்லிப் பதவியில் நின்றார். ரசல் அந்த இரவிலிருந்து மீளவில்லை. 1923இல் அவரும் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டு தாய் எலிசபெத் காலமாகியிருந்தார். அடிமையாகத் தொடங்கிய அந்த வாழ்க்கை, வங்கித் தலைவியான மகளின் வீட்டில் முடிந்தது.

1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது மெகி கறுப்பினப் பெண்களைப் பதிவு செய்ய அலைந்தார். 1921இல் வேர்ஜினியாவின் கல்விப் பணிப்பாளர் பதவிக்குப் போட்டியிட்டார். வெல்ல வழியில்லாத போட்டி. அதே அணியில் ஆளுநர் பதவிக்கு நின்ற ஜோன் மிச்செலுக்கும் ஒரு வங்கி இருந்தது. அடுத்த ஆண்டு அது முறிந்தது. மெகியின் வங்கி நின்றது.

நீரிழிவு அவருடைய கால்களைப் பறித்தது. 1928 முதல் சக்கர நாற்காலி. வீட்டில் ஒரு லிப்ற் பொருத்தினார். நாற்காலியோடு ஏறக்கூடியதாகக் காரை மாற்றியமைத்தார். வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை.

1929இல் பொருளாதார மந்தம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. முதலில் வேலை இழந்தவர்கள் கறுப்பினக் கூலிகள். அவர்களுடைய சேமிப்பில் நின்ற வங்கிகள் தப்பும் என்று யாரும் எண்ணவில்லை. மெகி பெருமையை ஒதுக்கிவைத்தார். இருபத்தாறு ஆண்டு தான் கட்டிக் காத்த வங்கியை, 1930இல், போட்டி வங்கியாக இருந்த இன்னொரு கறுப்பின வங்கியோடு இணைத்தார்; 1931இல் மூன்றாவதும் சேர்ந்தது. பெயர் மாறியது. புனித லூக்கா என்ற சொல்லே பலகையிலிருந்து போயிற்று. தலைவர் பதவியும் இன்னொருவரிடம் போக, அவர் இயக்குநர் சபையின் தலைமையை மட்டும் வைத்துக்கொண்டார். வைப்பு வைத்த பெண்களின் காசு தப்பியது.

1934 டிசெம்பர் 15ஆம் திகதி மெகி லீனா வோக்கர் காலமானார். இணைந்த அந்த வங்கி 2005வரை கறுப்பினத்தவர் கைகளிலேயே இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

அவருடைய சங்கத்தில் இருந்த சலவைப் பெண்களில் பெரும்பாலானோர் கடைசிவரை சலவைப் பெண்களாகவே இருந்தார்கள். அவர்களுடைய கூலியை அவரால் உயர்த்த முடியவில்லை. கூலியைத் தீர்மானித்தவர்கள் வேறு ஆட்கள். கந்தோர்க் கதிரைகளில் போய் அமர்ந்தது பெரும்பாலும் அவர்களுடைய பெண் பிள்ளைகள்.

லீ வீதி வீடு இன்று தேசிய நினைவிடமாக, அவர் விட்டுப்போன தளபாடங்களோடு, மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. 2017இல், அவருடைய பிறந்த நாளான யூலை 15ஆம் திகதி, ரிச்மண்ட் நகரம் அவருக்குச் சிலை வைத்தது. இடம், எம்போரியம் ஒரு காலத்தில் திறந்து மூடிய அதே புறோட் வீதி. சிலையில் அவர் நிமிர்ந்து நிற்கிறார். மேற்சட்டையில் மூக்குக்கண்ணாடி குத்தியிருக்கிறது. கையில் காசோலைப் புத்தகம்.